எல்லோருக்கும் 36.4

ஓகஸ்ட் 16, திங்கள்

காலையில் தூறல். ஆறு மணிக்கே பெக்டரி கேட்டில் நின்றேன். இந்த வாரம் என் முறை.

கேட்டில் காய்ச்சல் பார்க்கிற வேலையை யூனியன் கேட்டு வாங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. முதலில் செக்யூரிட்டிக்காரன்தான் பார்த்தான். நெற்றிக்கு நேரே மெஷினைப் பிடித்துக்கொண்டு பல்லிளிப்பான். பிடிக்காதவளைத் திருப்பி அனுப்புவான். சண்டை பிடித்தோம், எங்கள் பிள்ளைகளை எங்கள் ஆட்களே பார்க்கட்டும் என்று. மனேஜ்மென்ட் சரி சொன்ன அன்று கன்டீனில் கை தட்டினோம். அதிகம் தட்டியது நான். பாதுகாப்புக் கமிட்டியில் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு வாரம். ஒரு மெஷின், ஒரு புத்தகம், பக்கத்தின் அடியில் எங்கள் கையெழுத்து.

அன்றைக்கு ஒருத்திக்கும் தோன்றாத விஷயம்: சொந்த மெம்பரை யார் திருப்பி அனுப்புவது? திருப்பினால் அவளுக்கு அன்றைய சம்பளமும் இல்லை, ஒரு நாளும் தவறாமல் வந்தால் மாத முடிவில் தருகிற வரவுக் கொடுப்பனவும் இல்லை. கொரோனா என்று வந்துவிட்டால் தையல் லைன் முழுவதையும் பஸ்ஸில் ஏற்றித் தனிமைப்படுத்தல் கேம்புக்குக் கொண்டுபோவார்கள். அதனால் கம்பெனி பஸ்ஸுக்குள்ளேயே பனடோல் கை மாறும். இறங்க முன் ஈரக் கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள். நாங்களும் நெற்றியை விட்டு மணிக்கட்டில்தான் பிடிப்போம், அங்கே குறைத்துக் காட்டும். அங்கேயும் கூடக் காட்டினால் புத்தகத்தில் 36.4. ஐந்து பேரும் எழுதுவது அதே நம்பர். யார் தொடங்கியது என்று தெரியாது, நானாகவும் இருக்கலாம்.

பரீனா ஆறே முக்காலுக்கு வந்தாள், மாளிகாவத்தை பஸ்ஸில். ஒன்பது வருடமாக என் பக்கத்துத் தையல் மெஷின். என் கத்தரிக்கோலை எடுத்தால் திருப்பி வைக்கத் தெரியாதவள். இன்று பேச்சில்லாமல் கையை நீட்டினாள். 38.1.

"எழுதாத வசந்தி. பனடோல் ரெண்டு குடிச்சீக்கிறன். பத்து மணிக்கு எறங்கிரும்."

போன வருடம் கொரோனா என்று அவள் இருக்கும் ஃபிளட்ஸை வாரக்கணக்கில் மூடி வைத்திருந்தார்கள். எந்த வீட்டால் வந்தது என்று அங்கே இன்னும் பேச்சு நடக்கிறது. இன்னொரு தரம் அவள் வீட்டால் என்று வரக்கூடாது. ஷிப்மென்ட் வேறு வெள்ளிக்கிழமை. இதெல்லாம் அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

36.4 எழுதினேன். அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

வாங்க: சவர்க்காரம், பருப்பு, இவருடைய இன்ஹேலர் (கட்டாயம்).

17 செவ்வாய்

வெயில். பஸ்ஸில் ஒரு சீற்றுக்கு ஒரு ஆள் என்று ஜூன் மாதம் எழுத்தில் வாங்கினோம். இன்று இரண்டு பஸ்ஸை ஒன்றாக்கிவிட்டார்கள். சீற்றுக்கு ஒரு ஆள்தான், மிச்சப் பேர் நின்றுகொண்டு வந்தார்கள். ஒப்பந்தத்தை மீறவில்லையாம். இந்த மூளையை வைத்துக்கொண்டு எச்.ஆர். மனேஜர் ஏன் இங்கே இருக்கிறார், பாராளுமன்றத்துக்குப் போகலாம்.

பரீனா 37.8. பனடோல் குடித்த பிறகும். எழுதியது 36.4.

பஸ் வரிசையில் கேட்டது: "ஊசி போட்டா காய்ச்சல் வருமாம். காய்ச்சல் வந்தா கேட்டில விடமாட்டாங்களாம். அப்ப என்னத்துக்கு ஊசி?"

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. பரீனா இரண்டாவது ஊசிக்குப் போகாதது அதனால்தான். அரை நாள் லீவு கேட்டுக் கடிதம் எழுதியது நான்தான். சம்பளத்தோடு தரமுடியாது என்றார்கள். வருகிற மாதம் பார்ப்போம் என்றாள் அவள்.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. கருவாட்டுப் பொரியல் கொண்டுவந்தேன், மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். "ஒண்டும் மணக்கிற இல்ல" என்றாள், ஏதோ மழை பெய்யவில்லை என்பதுபோல. என் பையில் இருந்த பனடோல் கார்டைக் கொடுத்தேன். நான். பாதுகாப்புக் கமிட்டி.

நாங்கள் தைப்பது ஆஸ்பத்திரிக்காரர் போடுகிற நீல கவுன். வெளிநாட்டுக்குப் போகிறது. எங்களுக்கு வாரத்துக்கு இரண்டு துணி மாஸ்க்.

18 புதன்

பேருக்கு மழை. தலையிடி. எனக்கு இரண்டு ஊசியும் போட்டாயிற்று என்று பத்துத் தரம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இன்று செய்தது: பரீனா பஸ்ஸால் இறங்க முன்பே அவள் பெயருக்கு நேரே 36.4 எழுதி வைத்துவிட்டேன். மெஷினை அவள் பக்கம் திருப்பவே இல்லை. பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் ஏதாவது செய்யவேண்டி வரும்.

டார்கெட் கூட்டியிருக்கிறார்கள். அவளால் முடியவில்லை. சுப்பர்வைசர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவளுடைய பீஸில் கொஞ்சம் இழுத்து நான் தைத்தேன். அந்தப் பக்கத்தில் இருந்த குமாரியும் தைத்தாள். ஒருத்தியும் ஒன்றும் கதைக்கவில்லை. நல்ல லைன் எங்களுடையது. இப்படிச் சேர்ந்து நிற்கிற லைன் இந்த பெக்டரியில் வேறு கிடையாது.

இன்ஹேலர் இரண்டு பாமசியில் இல்லை. கொட்டாஞ்சேனைச் சந்திக்கு இந்தப் பக்கம் மூன்றாவது கடையில் ஒன்று கிடைத்தது. இவருக்கு மூச்சு முட்டு வருத்தம் கூடுவது இந்த மாதத்தில்தான்.

19 வியாழன்

பதினொரு மணிக்குப் பரீனா மெஷினில் விழுந்தாள்.

விழுந்தாள் என்பதும் சரியில்லை. தலையைத் துணியில் சாய்த்தாள், நிமிரவில்லை. கால் பெடலில் அழுத்தியபடி, ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் சுவிட்சை நிறுத்தினேன். உதடு கறுத்திருந்தது. நானும் குமாரியும் தூக்கினோம். கம்பெனி வான் வண்டியில் ஏற்றினார்கள். நான் ஏற முடியாது என்றார்கள்.

ரெபிட் டெஸ்ட் பொசிட்டிவ். கிட்ட எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டில் இல்லையாம், களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக அவள் மனுசன் ரிஸ்வி நானா சொன்னார். அங்கேயும் நடையில் கதிரையில் இருத்தித்தான் ஒட்சிசன் கொடுக்கிறார்கள். கொடுக்கிறார்களே, அது போதும்.

லைனை நிறுத்துங்கள், எல்லோரையும் டெஸ்ட் பண்ணுங்கள் என்று எச்.ஆரிடம் போனேன். யூனியன் கிளைச் செயலாளர் என்ற முறையில் போனேன், நிமிர்ந்துகொண்டு. அவர் புத்தகத்தை மேசையில் திறந்து என் பக்கம் திருப்பினார். திங்கள் 36.4. செவ்வாய் 36.4. புதன் 36.4. வியாழன் 36.4. கீழே என் கையெழுத்து, நாலு தரம். உங்கள் ஆட்களே பார்த்தது, இன்று பதினொரு மணி வரைக்கும் இங்கே ஒருவருக்கும் காய்ச்சல் இல்லையே என்றார். வீட்டில் தொற்றியிருக்கும், பாவம், என்றார். லைனை மூடக் காரணம் இல்லை.

லைனுக்குத் திரும்பிப் போய் இருந்து தைத்தேன். பக்கத்து மெஷினைத் துடைக்கக்கூட ஆள் வரவில்லை. நானே துடைத்தேன்.

20 வெள்ளி

நாட்டைப் பூட்டுகிறார்கள். ஏற்றுமதி என்று எங்கள் பெக்டரி ஓடப் பாஸ் உண்டு. ஷிப்மென்ட் போயிற்று.

எச்.ஆர். ஒரு கடிதம் அடித்து வைத்திருந்தார். இந்த வாரம் காய்ச்சல் பரிசோதனை ஒழுங்காக நடந்தது என்று கமிட்டி உறுதிப்படுத்துகிறது. பேனாவையும் மூடி கழற்றி நீட்டினார். "அத்சன் கரன்ன, நங்கி." தங்கச்சி என்று கூப்பிட்டுக் கையெழுத்துக் கேட்கிறார். திங்கட்கிழமை தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

பஸ்ஸால் இறங்கி, யூனியன் தலைமைக் காரியாலயத்து சுனில் அய்யேக்கு, எங்களுக்கெல்லாம் அண்ணன், கோல் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: கடிதத்தில் கையெழுத்து வைக்கவும் வேண்டாம், புத்தகம் பொய் என்று சொல்லவும் வேண்டாம். சொன்னால் உன்னை ஒரே நாளில் நிறுத்துவார்கள், அது சின்ன விஷயம். யூனியன் பொய்க் கணக்கு எழுதியது என்று மற்ற பெக்டரிகளிலும் கேட்டை விட்டு எங்களைத் துரத்துவார்கள், வருகிற வருடம் மேசைக்கே கூப்பிட மாட்டார்கள். நல்ல மனிதர் அவர். முப்பது வருடம் அடி வாங்கியவர். அதனால்தான் அவர் சொன்னது உள்ளே போய் இருந்துவிட்டது.

சாப்பிடவில்லை. இவர் கேட்டார், வயிறு சரியில்லை என்றேன். அதுவும் பொய்.

21 சனி

காலை பத்து மணிக்கு ரிஸ்வி நானாவின் கோல்.

"தங்கச்சி, காய்ச்சல் எண்டைக்கு தொடங்கின எண்டு டொக்டர் கேக்கிறாரு. அவக்கு பேச ஏலா. எங்களுக்கு ஒண்டும் செல்லவும் இல்ல. உங்கட புத்தகத்தில ஈக்கும்தானே?"

நாளைக் கணக்குப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பதாம். இத்தனையாம் நாளில் மோசமாகும், இத்தனையாம் நாளில் இந்த மருந்து என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். எச்.ஆர். புத்தகத்தின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், உதவியாக. அதைப் பார்த்து வியாழன் என்று சொல்லவா, சரிதானே, என்று கேட்டார். அடுப்பை, மதிலை, மதில் மேல் பூனையை எல்லாம் பார்த்தேன். சுனில் அய்யேயின் குரல் காதுக்குள்.

"புத்தகத்தில இருக்கிறதுதான் நானா."

இதை நான்தான் சொன்னேன். எழுதி வைக்கிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று எனக்கே நினைப்பு வரக்கூடாது.

அதற்குப் பிறகு செய்தவை: உடுப்புத் தோய்த்தது. தோய்த்த உடுப்பைத் திரும்பத் தோய்த்தது. வெங்காயம் உரித்தது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று விரலில் எண்ணியது. ஆறாம் நாள். டொக்டருடைய கணக்கில் மூன்றாம் நாள்.

22 ஞாயிறு

மழை. தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. இவருடைய த்ரீவீலுக்கு மேலே பொலித்தீன் மூடி மூன்று நாள்.

இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது. இன்ஹேலரைக் கையில் உருட்டிக்கொண்டு இருந்தார். "சொல்லத்தான் வேணும் எண்டா சொல்லு. ஆனா உன்ர வேலையும் போனா நாளைக்கு என்ர வண்டியில ஏற ஒரு ஆள் இல்ல. அதையும் நினைச்சுப்போட்டுச் சொல்லு" என்றார். குரலில் கோபமே இல்லை.

மத்தியானம் வரைக்கும் நினைத்தேன். நினைக்க ஒன்றும் இல்லை. யூனியன் என்று நான் காப்பாற்றப் பார்ப்பது யாரை? பதினாறு வயதில் கார்மென்டுக்கு வந்து, மாதச் சந்தாவைத் தவறாமல் கொடுத்து, ஊர்வலத்தில் கொடி பிடித்து வெயிலில் நின்றவள் அங்கே கதிரையில் மூச்சு எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

ரிஸ்வி நானாவுக்கு எடுத்தேன். திங்கள் காலையில் 38.1 என்றேன். செவ்வாய் பனடோலோடு 37.8 என்றேன். மணமும் போயிருந்தது என்றேன். புத்தகத்தில் எழுதியது நான், பொய் என்றேன். இடையில் நிற்காமல் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. "தங்கச்சி, நீங்க நேத்தே செல்லியிருந்தா..." என்றார். டொக்டருக்கு எடுக்கவேண்டும் என்று வைத்துவிட்டார்.

நேற்று. ஒரு நாள். அந்த ஒரு நாளை யாரிடம் திருப்பிக் கேட்பது?

23 திங்கள்

பரீனாவை ஐ.சி.யூவுக்கு மாற்றியிருக்கிறார்கள். மருந்தையும் மாற்றியிருக்கிறார்களாம். இவ்வளவுதான் தெரியும்.

எச்.ஆர். அறை. கடிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். புத்தகத்தைக் கேட்டேன். சிவப்புப் பேனாவால் திங்கள் 36.4ஐ வெட்டி 38.1. செவ்வாயை வெட்டி 37.8. புதனையும் வியாழனையும் வெட்டி, "பார்க்கவில்லை". பக்கத்தில் கையெழுத்து, திகதி. சும்மா அவளுக்கு மட்டும் இல்லை, இந்தப் புத்தகத்தில் இருக்கிற 36.4 ஒன்றையும் நம்பாதீர்கள் என்று சொன்னேன். மனேஜர் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது, யூனியன் மாட்டிக்கொண்டது என்று. ஒரு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது, அப்படியென்றால் காய்ச்சலோடு நாலு நாள் லைன் ஓடியிருக்கிறது என்று. சந்தோஷம் போய்விட்டது.

வெளியே வந்து நானே பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ., காரியாலயத்துக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். சுனில் அய்யேயின் மிஸ்ட் கோல் ஒன்பது. பதில் எடுக்கத் தைரியம் வரவில்லை.

24 செவ்வாய்

பீ.எச்.ஐ. ஐயா வந்தார். பரீனா போக, லைனில் இருபத்தேழு பேருக்கும் மூக்குக்குள் குச்சி. கார் நிறுத்துகிற இடத்தில் வெயிலில் நிற்க வைத்து. ஒன்பது பேர் பொசிட்டிவ். அதில் குமாரியும். எனக்கு இல்லை. எனக்கு ஏன் இல்லை?

ஒன்பது பேரையும் கேம்புக்கு ஏற்ற பஸ் வந்தது. இப்போது சீற்றுக்கு ஒரு ஆள். குமாரிக்குக் கைக்குழந்தை, மட்டக்குளியில் மாமியிடம் விட்டுவிட்டு வருகிறவள். படியில் ஏறிவிட்டுத் திரும்பினாள்.

"பத்து வருசம் உங்களுக்குத்தான் அக்கா கை தூக்கினம். எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்."

கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள். அதனால்தான் கேட்கவில்லை. அவள் சொன்னதும் நியாயம். கூட்டம் கூட்டிக் கை தூக்கிக் கேட்காமல் ஒன்றும் செய்யக்கூடாது என்று படிப்பித்தது நான்தானே. மிச்சப் பேரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் என் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தந்தாள், விரல் படாமல்.

26 வியாழன்

வீட்டில். வாசலில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர். இவருக்கு அறை, எனக்குக் குசினி. சாப்பாட்டை அறைப் படியில் வைத்துவிட்டு ஒதுங்குகிறேன். ஒவ்வொரு தரம் அவர் இருமும்போதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த இருமலுக்குக் காத்திருக்கிறேன்.

வேலை இடைநிறுத்தம். கடிதம் வட்ஸ்அப்பில் படமாக வந்தது. பதிவுகளில் மோசடி. விசாரணைத் திகதி பின்னர். காய்ச்சலோடு வேலை வாங்கியது பற்றி ஒரு வரி இல்லை. கேட் வேலையைத் திரும்ப செக்யூரிட்டிக்குக் கொடுத்தாயிற்று.

சுனில் அய்யே எடுத்தார். ஏசுவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். இவருக்கு மருந்து இருக்கிறதா என்று கேட்டார். விசாரணைக்குத் தான் வருவதாகச் சொன்னார். யூனியன் சார்பாகவா என்று கேட்டேன். தெரியாது, நான் வருவேன், என்றார். அப்போதுதான் அழுதேன், இத்தனை நாளில் முதல் தரம். குசினி நிலத்தில் இருந்துகொண்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, இவருக்குக் கேட்காமல்.

ரிஸ்வி நானா கோல் எடுப்பதில்லை. ஒரு வரி மட்டும் எழுதினார்: அப்படியே ஈக்கிறா.

28 சனி

பின்னேரம் மழை. ஸ்டோர்ஸில் இருக்கிற ஒருத்தி ஒரு படம் அனுப்பினாள், கீழே ஒன்றும் எழுதாமல். எங்கள் லைன். இருபத்தெட்டு மெஷினிலும் ஆள். மேன்பவர்காரர் கொண்டுவந்து இறக்கிய நாட்கூலிப் பிள்ளைகள், யூனியன் கிடையாது, லீவு கிடையாது, ஊசி போட்டார்களா என்று கேட்க ஒருவரும் கிடையாது. பரீனாவின் மெஷினில் ஒரு சின்னப் பெண், கறுப்பு மாஸ்க், தலை குனிந்து. கதிரை உயரம் போதாமல் துணிக்கட்டைப் போட்டு அதன் மேலே இருக்கிறாள். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவளை யார் கேட்டில் பார்த்தார்கள், என்ன நம்பர் எழுதினார்கள்?

29 ஞாயிறு

இவருக்கு இன்று இருமல் இல்லை. காய்ச்சலும் இல்லை. மூன்று தரம் பார்த்தேன்.

பதினொன்றரைக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ், ரிஸ்வி நானாவின் நம்பரிலிருந்து. போனை மேசையில் வைத்துவிட்டுச் சோற்றை வடித்தேன், பிறகு வந்து அமத்தினேன்.

பரீனா. அவள் குரலேதான், கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி. நேற்று ஐ.சி.யூவிலிருந்து சாதாரண வாட்டுக்கு மாற்றினார்களாம். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் காற்றை இழுக்கிற சத்தம்.

"வசந்தி... இவருக்கு என்னத்துக்கு செல்லின? இனி என்னைய வேலைக்கு உடமாட்டாரு." இழுப்பு. பின்னால் யாரோ பேசாமல் இருக்கச் சொல்கிறார்கள், நேர்ஸாக இருக்கும். "என்ட மெஷினில ஆரு ஈக்கிற?"

அவ்வளவுதான். பதினெட்டு செக்கன். ஆறு தரம் கேட்டேன். உயிரோடு இருக்கிறாள், என்னோடு கோபமாக இருக்கிறாள், இரண்டும் போதும் என்று நினைத்தேன். பிறகு அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் அனுப்பவேண்டும் என்று ஞாபகம் வந்தது. போனைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் நடந்தேன். இனிமேல் பொய் எழுதுவதில்லை என்று போன திங்கட்கிழமை சிவப்புப் பேனாவோடு நினைத்தவள் நான்.

ஒருவரும் இல்லை, உனக்குத்தான் வைத்திருக்கிறம் என்று அனுப்பினேன்.